விமானிக்குச் சொல்லாத ரகசியம்

வண்டியில் மாட்டை மாற்றிப் பூட்டினால், வண்டிக்காரனிடம் ஒரு வார்த்தை சொல்வார்கள். "இடது பக்கத்து மாடு புதுசு. மிரளும். பார்த்து ஓட்டு" என்பார்கள். படிக்காதவர்கள்கூட இதைச் செய்வார்கள்.

படித்தவர்கள் நிறைந்த ஓர் அமெரிக்க கம்பெனி இதைச் செய்யவில்லை. தன் ஆகாய விமானத்தில் ஒரு புது ஏற்பாட்டைப் பூட்டியது. அதை ஓட்டுகிற விமானியிடம் சொல்லாமல் விட்டது.

5 மாதத்துக்குள் 2 விமானங்கள் விழுந்தன. 346 பேர் பலி ஆனார்கள்!

கம்பெனியின் பெயர் போயிங். விமானத்தின் பெயர் "737 மேக்ஸ்". இன்று இந்தியாவிலும் அந்த விமானம் பறக்கிறது. கல்யாணத்துக்கும் வேலைக்கும் போகிறவர்கள் அதில் ஏறுகிறார்கள். ஆகவே, நடந்தது என்ன என்பதை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

குட்டைக் கால் விமானம்

போயிங் 737 புதிய விமானம் அல்ல. அது முதன்முதலாகப் பறந்தது 1967–ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9–ந் தேதி.

அந்தக் காலத்தில் சின்ன ஊர் விமான நிலையங்களில் வசதி குறைவு. உயரமான ஏணி இருக்காது. பெட்டிகளைத் தூக்கி வைக்க யந்திரம் இருக்காது. அதனால் 737 விமானத்தைக் குட்டையாகச் செய்தார்கள். தரையில் நிற்கிற ஆள் கையாலேயே பெட்டியை ஏற்றிவிடலாம். இறக்கைக்கு அடியில் இருந்த என்ஜின் அப்போது ஒல்லியாக, குழாய் மாதிரி இருந்தது. ஆகவே குட்டைக் காலால் கஷ்டம் இல்லை.

விமானம் நன்றாக விற்றது. 2018–ம் ஆண்டு மார்ச் மாதம் 10 ஆயிரமாவது 737 விமானம் தயார் ஆனது. ஜெட் விமானங்களில் அப்படி ஒரு விற்பனையை அதுவரை எதுவும் கண்டதில்லை.

ஆனால் குட்டைக் கால் பிற்காலத்தில் தொந்தரவு ஆயிற்று. காரணம், என்ஜின் பெருத்துக்கொண்டே போனது.

சின்ன விசிறியை வேகவேகமாக வீசினால் கை வலிக்கும். பெரிய விசிறியை மெதுவாக வீசினாலே போதும். காற்று நிறைய வரும். கையும் அதிகம் வலிக்காது. விமான என்ஜினிலும் இதே கணக்குத்தான். அதன் முன்புறத்தில் உள்ள விசிறி பெரிதானால், எண்ணெய்ச் செலவு குறையும். விமான கம்பெனிகளின் பெரிய செலவே எண்ணெய்ச் செலவுதான். எனவே எல்லோரும் பெரிய விசிறியைத் தேடினார்கள்.

போட்டி!

ஐரோப்பாவில் "ஏர்பஸ்" என்ற கம்பெனி இருக்கிறது. போயிங்குக்கு அதுதான் போட்டி. 2010–ம் ஆண்டு டிசம்பர் மாதம் அது ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தன் ஏ320 விமானத்தில் பெரிய என்ஜினைப் பொருத்தப் போவதாகவும், எண்ணெய்ச் செலவு 100–க்கு 15 வீதம் குறையும் என்றும் சொன்னது. ஏ320 விமானத்துக்குக் கால் உயரம். பெரிய என்ஜின் எளிதாக உட்கார்ந்துகொண்டது.

போயிங் அப்போது முற்றிலும் புதிய விமானம் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டு இருந்தது. அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். பணமும் கோடி கோடியாகக் கொட்ட வேண்டும்.

2011–ம் ஆண்டு ஜூலை மாதம் போயிங் தலையில் இடி விழுந்தது. அதன் பழைய வாடிக்கைக்காரரான "அமெரிக்கன் ஏர்லைன்ஸ்", 260 விமானங்களை ஏர்பஸ் கம்பெனியிடம் வாங்க முடிவு செய்தது. போயிங்குக்குக் கிடைத்தது 200. அதிலும் 100 விமானங்களுக்குப் புது என்ஜின் வேண்டும் என்று நிபந்தனை. அந்த விமானம் அப்போது காகிதத்தில்கூட முழுமையாக உருவாகவில்லை.

புது விமானம் என்ற யோசனையைப் போயிங் மூட்டை கட்டி வைத்தது. ஆகஸ்டு மாதமே முடிவு எடுத்தார்கள். பழைய 737, அதில் பெரிய என்ஜின். அதுதான் "மேக்ஸ்".

சிக்கனம் பார்த்ததில் தவறு இல்லை. ஓடுகிற சாமானைத் திருத்தி ஓட்டுவது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். கோளாறு அதற்குப் பிறகுதான் வந்தது.

தானாக இறங்கும் மூக்கு

பெரிய என்ஜின் குட்டை விமானத்தின் அடியில் கொள்ளவில்லை. தரையில் இடிக்கும் போல இருந்தது. ஆகவே என்ஜினை முன்னால் தள்ளி, சற்று மேலே உயர்த்தி மாட்டினார்கள்.

இதனால் விமானத்தின் சுபாவம் கொஞ்சம் மாறியது. சில சமயங்களில், மூக்கு உயரும்போது இன்னும் உயரப் பார்த்தது. மூக்கு அளவுக்கு மேல் உயர்ந்தால் ஆபத்து. இறக்கை விமானத்தைத் தாங்காது.

இதைச் சரிக்கட்டக் கம்ப்யூட்டரில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். "எம்.சி.ஏ.எஸ்." என்று அதற்குப் பெயர். மூக்கு அதிகம் தூக்கினால், அது தானாகவே வால் இறக்கையைத் திருப்பும். மூக்கு கீழே இறங்கும். விமானி எதுவும் செய்யவேண்டியது இல்லை.

மூக்கு உயர்ந்திருப்பது அதற்கு எப்படித் தெரியும்? விமானத்தின் முன்பக்கத்தில், வெளியே, தகடு போன்ற ஒரு சின்னக் கருவி இருக்கிறது. காற்று எந்தக் கோணத்தில் மோதுகிறது என்பதை அது காட்டும். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. ஆக 2 கருவிகள் உண்டு.

ஆனால் எம்.சி.ஏ.எஸ். ஒரே ஒரு கருவியின் பேச்சைத்தான் கேட்டது! இன்னொன்று பக்கத்திலேயே இருந்தும் அதை விசாரிக்கவில்லை. அந்த ஒன்று பழுதாகிப் பொய் சொன்னால்? கம்பெனியின் என்ஜினீயர் ஒருவரே 2015–ம் ஆண்டில் இந்தக் கேள்வியைக் கேட்டு எழுதி இருந்தார். கேள்வி கடிதத்தோடு நின்றுவிட்டது.

ஊரில் ஒரு தகராறு என்றால்கூட இரண்டு சாட்சிகளைக் கூப்பிடுவார்கள். 180 பேர் ஏறும் விமானத்துக்கு ஒரு சாட்சி போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

10 லட்சம் டாலர் பந்தயம்

இனி, ரகசியம் வைத்ததற்கான காரணத்தைப் பார்க்கலாம்.

விமானிகளுக்குப் பயிற்சி அளிக்க "சிமுலேட்டர்" என்ற யந்திரம் இருக்கிறது. அது தரையிலேயே நிற்கும் போலி விமானம். உள்ளே உட்கார்ந்தால் அசல் விமான அறை போலவே இருக்கும். புயல், தீ, என்ஜின் பழுது எல்லாவற்றையும் அதில் வரவழைத்துப் பழகலாம். யாரும் சாகமாட்டார்கள்.

ஆனால் அதற்குச் செலவு அதிகம். பயிற்சி நாட்களில் விமானி வேலை செய்ய முடியாது. ஆகவே, "பழைய 737 ஓட்டியவர்கள் மேக்ஸ் விமானத்தையும் ஓட்டலாம். சிமுலேட்டர் பயிற்சி தேவை இல்லை" என்று சொல்லித்தான் போயிங் வியாபாரம் செய்தது. கம்ப்யூட்டரில் இரண்டொரு மணி நேரம் பாடம் படித்தால் போதும் என்றது.

"சவுத்வெஸ்ட்" என்ற விமான கம்பெனிக்கு எழுதியே கொடுத்தது. சிமுலேட்டர் பயிற்சி தேவை என்று அரசாங்கம் சொல்லிவிட்டால், விமானம் ஒன்றுக்கு 10 லட்சம் டாலர் விலையில் தள்ளுபடி! நூறு விமானம் என்றால் 10 கோடி டாலர்.

இப்படிப் பந்தயம் கட்டிய பிறகு, "இதிலே ஒரு புது ஏற்பாடு இருக்கிறது" என்று வாய் திறப்பார்களா? எம்.சி.ஏ.எஸ். புதியது என்று அழுத்திச் சொன்னால் பயிற்சி கேட்பார்கள் என்று 2013–ம் ஆண்டிலேயே கம்பெனிக்குள் பேசிக்கொண்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில் இது வெளிவந்தது. 2016–ம் ஆண்டில், விமானிகளுக்கான கையேட்டில் எம்.சி.ஏ.எஸ். பற்றிய விளக்கம் வேண்டாம் என்று கம்பெனி கேட்டது. அரசாங்க விமான இலாகாவும் சரி என்றது. அதற்குள் எம்.சி.ஏ.எஸ். முன்பைவிடப் பல மடங்கு பலமாக வாலைத் திருப்பும்படி மாற்றப்பட்டு இருந்தது. அனுமதி கொடுத்த அதிகாரிகளுக்கு அந்த மாறுதல் தெரியாது!

இது எப்படி நடந்தது என்று கேட்கலாம். விமானத்தைச் சோதித்து முத்திரை போடும் வேலையில் பெரும்பகுதியை, இலாகா அந்த கம்பெனியின் ஆட்களிடமே ஒப்படைத்து இருந்தது. பரீட்சை எழுதிய பிள்ளையிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்த மாதிரி!

கடலில் விழுந்தது

2018–ம் ஆண்டு அக்டோபர் மாதம் 29–ந் தேதி. இந்தோனேசியா நாட்டின் ஜகார்த்தா நகரில் இருந்து "லயன் ஏர்" விமானம் ஒன்று காலையில் கிளம்பியது. அதில் 189 பேர் இருந்தார்கள். தலைமை விமானி ஓர் இந்தியர்.

விமானம் புத்தம் புதியது. ஆனால் இடது பக்கக் கோணக் கருவி பழுது பார்த்துப் பொருத்தப்பட்டது. அது 21 டிகிரி தப்பாகக் காட்டியது. மூக்கு சரியாகத்தான் இருந்தது. மிகவும் உயர்ந்துவிட்டது என்று கருவி சொன்னது.

எம்.சி.ஏ.எஸ். அதை நம்பியது. மூக்கைக் கீழே இறக்கியது.

விமானி பொத்தானை அழுத்தி மூக்கைத் தூக்கினார். அது மறுபடியும் இறக்கியது. அவர் தூக்கினார். அது இறக்கியது. இப்படி ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. 20 தடவைக்கு மேல் நடந்தது!

தன்னோடு மல்லுக்கு நிற்பது யார் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. விமானிகள் கையேட்டைப் புரட்டினார்கள். எம்.சி.ஏ.எஸ். பற்றிய விளக்கம் அதில் இல்லை. சுமார் 12 நிமிடத்தில் விமானம் கடலில் பாய்ந்தது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இதில் இன்னொரு வேதனை உண்டு. முதல் நாள் இரவு இதே விமானம் இதே தொல்லையைக் கொடுத்தது. அப்போது வேறு விமானிகள் ஓட்டினார்கள். மூன்றாவதாக ஒரு விமானியும் அந்த அறையில் உட்கார்ந்து இருந்தார். அவர் யோசனைப்படி, இருக்கைகளுக்கு நடுவே உள்ள 2 சுவிட்சுகளை நிறுத்தினார்கள். தொல்லை நின்றது. விமானம் பத்திரமாக இறங்கியது. ஆனால் நடந்த விவரம் முழுவதையும் குறிப்பில் எழுதி வைக்கவில்லை. மறுநாள் ஓட்டியவர்களுக்கு அது தெரியாமலே போயிற்று. லயன் ஏர் கம்பெனியின் பராமரிப்பிலும் குறை இருந்தது என்று இந்தோனேசிய விசாரணைக் குழு சொன்னது. அதையும் மறைக்க வேண்டியது இல்லை.

தெரிந்த பிறகும்...

விபத்துக்குப் பிறகுதான் உலகத்து விமானிகள் எம்.சி.ஏ.எஸ். என்ற பெயரையே கேள்விப்பட்டார்கள். அமெரிக்க விமானிகள் கொதித்தார்கள்.

அமெரிக்க விமான இலாகா டிசம்பர் மாதம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தது. இதைத் திருத்தாமல் விட்டால், இந்த ரக விமானங்களின் ஆயுள் காலத்தில் சுமார் 15 விபத்துகள் நடக்கும் என்று கணக்கு வந்தது. ஆனாலும் விமானங்களைத் தரையில் நிறுத்தவில்லை. திருத்தம் தயாராகும் வரை பறக்கட்டும் என்று விட்டார்கள்.

2019–ம் ஆண்டு மார்ச் மாதம் 10–ந் தேதி எத்தியோப்பியாவில் அடுத்த விமானம் விழுந்தது. அடிஸ் அபாபா நகரில் இருந்து நைரோபிக்குப் புறப்பட்ட விமானம் அது. கிளம்பி 6 நிமிடம்தான் ஆகி இருந்தது. 157 பேர் இறந்தார்கள்.

இந்த விமானிகளுக்கு எம்.சி.ஏ.எஸ். பற்றித் தெரியும். சொல்லிக் கொடுத்தபடி 2 சுவிட்சுகளையும் நிறுத்தினார்கள். பிறகு வால் இறக்கையைக் கைச் சக்கரத்தால் சுற்றித் திருப்ப வேண்டும். விமானம் மிகுந்த வேகத்தில் போனதால் சக்கரம் அசையவில்லை. இரண்டு பேராலும் முடியவில்லை. மறுபடி சுவிட்சைப் போட்டார்கள். எம்.சி.ஏ.எஸ். மறுபடி மூக்கைக் கவிழ்த்தது.

ஒரு கடிதத்தில் எழுதிச் சொல்வது வேறு; கையைப் பிடித்துப் பழக்குவது வேறு. நீச்சலைப் பற்றிப் புத்தகம் படித்தவனைக் கிணற்றில் தள்ளிய கதைதான் இது.

"அந்த நாட்டு விமானிகளுக்குத் திறமை போதாது" என்று அமெரிக்காவில் சிலர் அப்போது பேசினார்கள். இது அநியாயமான பேச்சு. இருட்டில் ஒருவனைக் கட்டையால் அடித்துவிட்டு, "அவனுக்குச் சண்டை போடத் தெரியவில்லை" என்று சொல்வதா? திறமை என்பது தெரிந்த சங்கதியில் காட்டுவது. தெரிவிக்காத சங்கதியில் யார் திறமை காட்ட முடியும்?

உலகம் நிறுத்தியது

சீனா முதலில் விழித்துக்கொண்டது. மறுநாளே மேக்ஸ் விமானங்களை நிறுத்தியது. நாடுகள் ஒவ்வொன்றாக நிறுத்தின. 13–ந் தேதி இந்தியாவில் நின்றது. அமெரிக்காவும் அன்றுதான் நிறுத்தியது. உலகம் முழுவதும் 387 விமானங்கள் தரையில் நின்றன.

அவை அமெரிக்காவில் மீண்டும் பறக்க அனுமதி கிடைத்தது 2020–ம் ஆண்டு நவம்பர் மாதத்தில். இந்தியாவில் 2021–ம் ஆண்டு ஆகஸ்டில்.

போயிங்குக்கு ஏற்பட்ட நஷ்டம் 2,000 கோடி டாலருக்கு மேல். விமானம் ஒன்றுக்கு 10 லட்சம் டாலரை மிச்சம் பிடிக்கப் போனவர்கள் கண்ட லாபம் இது!

தண்டனை யாருக்கு?

2019–ம் ஆண்டு டிசம்பரில் கம்பெனித் தலைவர் விலக்கப்பட்டார். அவர் வெறுங்கையோடு போகவில்லை. பென்ஷன், பங்குகள் எல்லாம் சேர்த்து சுமார் 6 கோடியே 20 லட்சம் டாலர் அவருக்குச் சேர்ந்தது.

2021–ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க அரசாங்கமும் கம்பெனியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. கம்பெனி 250 கோடி டாலருக்குச் சற்று மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதில் 177 கோடி விமான கம்பெனிகளுக்கு. 50 கோடி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு. அபராதம் 24 கோடியே 36 லட்சம்.

இந்தப் பங்கீட்டைக் கவனிக்க வேண்டும். விமானம் நின்றதால் வியாபாரம் கெட்டவர்களுக்கு 177 கோடி. பிள்ளையையும் பெண்டாட்டியையும் பறிகொடுத்தவர்களுக்கு 50 கோடி!

தனி ஆள் என்று பார்த்தால், ஒரே ஒருவர் மீதுதான் வழக்குப் போட்டார்கள். அவர் கம்பெனியின் முன்னாள் தொழில்நுட்ப விமானி. 2022–ம் ஆண்டு மார்ச்சில் ஜூரிகள் அவரைக் குற்றவாளி அல்ல என்று விடுதலை செய்தார்கள். அவசரம், அவசரம் என்று விரட்டிய டைரக்டர்கள் யாரும் கூண்டில் ஏறவில்லை. கம்பெனி மீது இருந்த குற்ற வழக்கும் 2025–ம் ஆண்டு நவம்பரில், மறுபடியும் ஓர் ஒப்பந்தத்தின் பேரில், தள்ளுபடி ஆனது. கூடாது என்று இறந்தவர்களின் குடும்பத்தார் பலர் வாதாடிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை.

வழக்கை நடத்தி ஜூரிகள் முன் நிறுத்தி இருக்க வேண்டும். பணம் கட்டி முடித்துக்கொள்ளலாம் என்றால், அடுத்த தடவை அதையும் செலவுக் கணக்கில் எழுதிவிடுவார்கள். பயந்தது வீண் போகவில்லை. 2024–ம் ஆண்டு ஜனவரி மாதம் 5–ந் தேதி, "அலாஸ்கா ஏர்லைன்ஸ்" கம்பெனியின் மேக்ஸ் விமானத்தில், கதவு இருக்கவேண்டிய இடத்தை அடைத்திருந்த பலகை சுமார் 16 ஆயிரம் அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போயிற்று. அதை இறுக்கவேண்டிய 4 போல்ட்டுகள் மாட்டப்படவே இல்லை! தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை.

கடைசியில் போட்டியிலாவது போயிங் ஜெயித்ததா? 2025–ம் ஆண்டு அக்டோபரில் ஏர்பஸ் ஏ320 ரகம், இதுவரை விற்ற எண்ணிக்கையில் 737 ரகத்தை முந்திவிட்டது.

இப்போது எப்படி?

இன்றைய மேக்ஸ் விமானத்தில் எம்.சி.ஏ.எஸ். 2 கோணக் கருவிகளையும் கேட்கிறது. இரண்டும் வேறு வேறாகச் சொன்னால் சும்மா இருக்கிறது. மூக்கை ஒரு தடவைதான் இறக்கும். விமானி இழுத்தால் அது அடங்கிவிடும். இந்த மூன்றையும் முதல் நாளே செய்திருக்கலாம். செய்ய முடியாத வித்தை ஒன்றும் இதில் இல்லை.

சிமுலேட்டர் பயிற்சியும் இப்போது கட்டாயம். மூக்கு தானாகக் கவிழ்வதை விமானி அதில் பார்க்க வேண்டும். சுவிட்சை நிறுத்தி, கைச் சக்கரத்தைச் சுற்றிப் பழக வேண்டும்.

நம் நாட்டில் அதை எவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2022–ம் ஆண்டு ஏப்ரல் மாதம், "ஸ்பைஸ்ஜெட்" கம்பெனியின் 90 விமானிகள் மேக்ஸ் ஓட்டக் கூடாது என்று இந்திய விமான இலாகா உத்தரவு போட்டது. அவர்கள் பழகிய சிமுலேட்டரில், ஆபத்து வரும்போது விமானியின் கைப்பிடியை நடுங்க வைத்து எச்சரிக்கும் பாகம் ஒரு பக்கத்தில் வேலை செய்யவில்லை. 90 பேரும் மறுபடி பயிற்சி பெற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் கம்பெனிக்கு அபராதமும் விதித்தார்கள். அபராதத் தொகை 10 லட்சம் ரூபாய்.